மீன் தொட்டில பாசியும் பாஸ்பேட்டும்: எட்டு மாசம் மல்லுக்கட்டினதுல தெரிஞ்சுக்கிட்டது

டெஸ்ட் ட்யூப்ல அஞ்சு மில்லி தொட்டித் தண்ணி எடுத்து, பாஸ்பேட் டெஸ்ட் கிட்ல இருந்த ரெண்டு பாட்டில்லேருந்தும் சொட்டு எண்ணி விட்டு, மூடி போட்டு குலுக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு பாக்கணும்னு போட்டிருந்துச்சு, ஆனா ரெண்டாவது நிமிஷத்துலயே இங்க் பாட்டில கவுத்த மாதிரி கருநீலமா ஆயிடுச்சு. கலர் கார்டுல கடைசிக் கட்டம் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்), ட்யூப்ல இருந்தது அதவிட அடர்த்தி. அதுக்கு முன்னாடி நாலு மாசமா நான் பாசியோட சண்டை போட்டுட்டு இருந்தேன், பாஸ்பேட்னு ஒண்ண, அதாவது பாசிக்குச் சாப்பாடாகுற பாஸ்பரஸ் உப்ப, அளந்து பாக்கணும்னு தோணவே இல்ல.

தொட்டிய பத்தி முதல்ல சொல்லிடுறேன், அப்ப தான் கணக்கெல்லாம் புரியும். 3 அடி கண்ணாடித் தொட்டி, நல்ல தண்ணி மீன், கல்லு, கிராவல் (அடியில பரப்புற பொடிக்கல்லு), மரக்கட்டை எல்லாம் கழிச்சா உள்ள நிக்கிற தண்ணி சுமாரா 100 லிட்டர். நியான் டெட்ரா 12, கோரிடோராஸ் 6, குட்டி போட்டு பெருகிட்டே இருக்குற கப்பி கொஞ்சம். செடின்னு பாத்தா கட்டையில கட்டி விட்ட அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பின்னாடி வரிசையா வாலிஸ்னேரியா. தொட்டிக்கு வெளிய நிக்கிற கேனிஸ்டர் பில்டர் ஒண்ணு. ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு, ராத்திரி லைட்ட அணைக்க மனசே வராது, அவ்வளவு அழகா இருக்கும்.

அப்புறம் தான் வாலிஸ்னேரியா இலை நுனியில பச்சை நூல் மாதிரி வர ஆரம்பிச்சுச்சு. பழைய டூத் பிரஷ்ஷ விட்டு திருகினா நூல்கண்டு சுத்துற மாதிரி பிரஷ்ல சுத்திக்கிட்டு வரும், அப்படியே இழுத்து எடுத்துடலாம், எடுத்த மூணாவது நாள் மறுபடி அதே நீளத்துக்கு நிக்கும். பில்டர் தண்ணி விழுற குழாய் வாயிலயும் அனுபியாஸ் இலை ஓரத்துலயும் கறுப்பா மயிர்க்கொத்து மாதிரி இன்னொண்ணு, அது பிரஷ்ஷுக்கும் வராது, நகத்தால சுரண்டினா இலை தான் கிழியும்.

அந்த நேரத்துல நான் பண்ணின தப்ப சொல்லியே ஆகணும். பாசிய கொல்லுற மருந்துன்னு பாட்டில்ல வர்றத வாங்கி, அளவு பாத்து தான் ஊத்தினேன், மறுநாள் சாயந்தரம் பாசி வெளுத்துப் போய் உதிர ஆரம்பிச்சுச்சு, சந்தோஷமா தூங்கப் போயிட்டேன். விடியக்காலம் எந்திரிச்சு பாத்தா மீனெல்லாம் தண்ணிக்கு மேல வாய வெச்சு மூச்சுக்குத் திணறிட்டு இருக்கு. செத்த பாசி மொத்தமும் உள்ளயே அழுகி ராத்திரியோட ராத்திரியா ஆக்சிஜன குடிச்சிருச்சு. ஏர் பம்ப்ப போட்டு பாதித் தண்ணிய மாத்துறதுக்குள்ள நாலு டெட்ரா போயிடுச்சு. இன்னும் அத நெனச்சா கஷ்டமா தான் இருக்கு. அதோட, மூணு வாரத்துல பாசி முன்ன விட அதிகமா வந்துச்சு. ஏன்னு அப்ப புரியல, இப்ப புரியுது. பாசிக்குள்ள இருந்த பாஸ்பேட் எங்கயும் போகல, பாசி செத்ததும் அது திரும்ப தண்ணிக்கே வந்துடுச்சு, அடுத்த பாசிக்கு அது தான் சாப்பாடு.

இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறினதும் தான் என் அணுகுமுறையே மாறுச்சு. தொட்டிக்குள்ள வந்த பாஸ்பேட் ஆவியா போகாது. மீன் கழிவுலேருந்து வர்ற இன்னொரு சத்தான நைட்ரேட்டாவது ஆக்சிஜன் இல்லாத இடத்துல இருக்குற பாக்டீரியாவால நைட்ரஜன் வாயுவா மாறி வெளிய போக வாய்ப்பு இருக்கு, பாஸ்பேட்டுக்கு அந்த வழியும் கிடையாது. நாம கையால வெளிய எடுத்தா தான் உண்டு. தண்ணியா எடுக்கலாம், செடியா வெட்டி எடுக்கலாம், அழுக்கா உறிஞ்சி எடுக்கலாம், இல்ல பில்டர்ல போடுற ஏதாவது ஒரு பொருள்ல (மீடியான்னு சொல்வாங்க) ஒட்ட வெச்சு அந்த மீடியாவ தூக்கிப் போடலாம். அதனால உள்ள எவ்வளவு வருது, வெளிய எவ்வளவு போகுதுன்னு வரவு செலவு நோட்டு மாதிரி எழுத ஆரம்பிச்சேன்.

பாஸ்பரஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னு தேடிப் படிச்சப்ப கனடாவுல டேவிட் ஷிண்ட்லர்னு ஒரு விஞ்ஞானி 1973ல ஆரம்பிச்ச சோதனை கண்ணுல பட்டுச்சு. ஒன்டாரியோ மாகாணத்துல 226ன்னு நம்பர் போட்ட ஒரு ஏரி, நடுவுல இடுங்கலா இருக்குற இடத்துல திரை போட்டு ஏரிய ரெண்டா பிரிச்சுட்டாங்க. ஒரு பாதியில கார்பனும் நைட்ரஜனும் மட்டும், இன்னொரு பாதியில அதே ரெண்டோட பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விட்ட பக்கம் பூரா பச்சையாகிடுச்சு, மத்தப் பக்கம் தெளிவா இருந்துச்சு, மேல விமானத்துலேருந்து எடுத்த போட்டோவுல அந்த ரெண்டு நிறமும் பக்கத்துல பக்கத்துல தெரியும். சோப்புத்தூள்ல பாஸ்பேட்ட குறைக்கணும்னு பல நாடுகள்ல முடிவெடுத்ததுக்கு இந்த மாதிரி சோதனைங்க பெரிய காரணம். ஆனா ஏரி வேற நம்ம தொட்டி வேற, தொட்டில லைட்டு நம்ம கையில, செடி நம்ம கையில, அதனால பாஸ்பேட் மட்டும் தான் வில்லன்னு அந்த போட்டோவ வெச்சு முடிவு பண்ணிடக்கூடாது, நான் பண்ணினேன், அது எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு கீழ சொல்றேன்.

முதல்ல அளக்குறத பத்தி. கார்டுக்கு மேல கலர் போனா நம்பர் தெரியாது, அப்ப ஒரு பங்கு தொட்டித் தண்ணியோட மூணு பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து டெஸ்ட் பண்ணி, வர்றத நாலால பெருக்கணும். எனக்கு அப்படி 1.5 வந்துச்சு, அப்ப தொட்டில இருந்தது 6 பிபிஎம், அதாவது ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம். ட்யூப்ப பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு கழுவாதீங்க, சில சோப்புல பாஸ்பேட் இருக்கும், ரீடிங் பொய்யா ஏறும். டெஸ்ட் பண்ணப் போற தண்ணியிலயே மூணு தடவ அலசினா போதும். கலர பகல் வெளிச்சத்துல வெள்ளைப் பேப்பர் பின்னாடி வெச்சுப் பாருங்க, தொட்டியோட எல்இடி வெளிச்சத்துல பாத்தா நீலமெல்லாம் ஒண்ணு போலத் தான் தெரியும். எக்ஸ்பைரி தேதியையும் ஒரு தடவ பாத்துக்கங்க.

இன்னொரு குழப்பம், சில மீட்டர் பாஸ்பேட்டுன்னு காட்டாம பாஸ்பரஸ்னு காட்டும். பாஸ்பரஸ் அளவ 3.07ஆல பெருக்கினா தான் பாஸ்பேட் அளவு. இது தெரியாம ரெண்டு பேர் ஆளுக்கொரு கிட் வெச்சு நம்பர ஒப்பிட்டுப் பேசினா பேச்சு எங்கயுமே ஒட்டாது.

அப்புறம், பாசி மண்டிக் கிடக்கு ஆனா டெஸ்ட்ல பாஸ்பேட் ஜீரோன்னு பலர் சொல்றாங்க, அது பொய் இல்ல. கிட் அளக்குறது தண்ணியில கரைஞ்சு திரியுற பாஸ்பேட்ட மட்டும் தான். கிராவல்ல அழுகிட்டு இருக்குற சாப்பாட்டுக்குள்ள இருக்குறது, பாசி ஏற்கனவே உறிஞ்சி உள்ள வெச்சிருக்குறது இதெல்லாம் கணக்குல வராது. பாசிக்கு தேவைக்கு மேல பாஸ்பேட்ட சேமிச்சு வெச்சுக்குற சக்தியும் இருக்கு, அதனால தான் தண்ணில குறைஞ்ச பிறகும் வாரக்கணக்கா அது பாட்டுக்கு வளருது. இத தெரிஞ்சுக்காம ரெண்டாவது வாரமே மனசு விட்டுடாதீங்க.

6 பிபிஎம் எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க நான் பண்ணின ஒரு வேலை, யாரும் வீட்லயே பண்ணலாம். சுத்தமா கழுவி ஆர்ஓ தண்ணியில அலசின கண்ணாடி ஜாடி நாலு எடுத்துக்கிட்டேன். நாலுலயும் ஒரே அளவு ஆர்ஓ தண்ணி. ஒண்ணுல வெறும் தண்ணி, அது ஒப்பிட்டுப் பாக்க. ரெண்டாவதுல தொட்டி அடியிலேருந்து கழுவாம அள்ளின ஒரு கைப்பிடி கிராவல். மூணாவதுல அலங்காரக் கல்லு ஒண்ண நல்லா தேய்ச்சு கழுவிட்டு போட்டேன். நாலாவதுல பில்டர்ல போடுறதுக்குன்னு வெச்சிருந்த புது ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு ஸ்பூன். மூடி, பேர் எழுதி ஒட்டி, மூணு நாள் அலமாரியில வெச்சுட்டேன்.

மூணாம் நாள் நாலு ட்யூப்பையும் வரிசையா ஜன்னலோரம் நிறுத்திப் பாத்தேன். வெறும் தண்ணி நிறமே மாறல. கல்லு போட்டதும் அப்படியே தான். கார்பன் போட்டதுல லேசா நீலம் தட்டுச்சு, சில கார்பன தயாரிக்கும்போது பாஸ்பாரிக் ஆசிட் உபயோகிப்பாங்க, அதுல மிச்சம் கசியும், பெரிய அளவு இல்ல. கிராவல் ஜாடி தான் கார்டோட கடைசிக் கட்டத்தையும் தாண்டி நின்னுச்சு. மூடிய தெறந்தப்ப ஒரு சேத்து வாடை வந்துச்சு பாருங்க, ரெண்டு வருஷமா என் மீனு அதுக்கு மேல தான் நீந்திட்டு இருந்துச்சான்னு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. மேலாக பாத்தா கிராவல் பளபளன்னு தான் இருந்துச்சு.

கையோட குழாய்த் தண்ணியையும் அளந்தேன், 1 பிபிஎம். பழைய குழாய்லேருந்து ஈயமும் தாமிரமும் கரைஞ்சு வராம இருக்க பல ஊர் குடிநீர்ல ஆர்த்தோ பாஸ்பேட்ட வேணும்னே கலக்குறாங்க, மனுஷன் குடிக்க அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா நமக்கு என்ன அர்த்தம்னா, அந்தத் தண்ணிய வெச்சு எத்தனை தடவ மாத்தினாலும் 1க்கு கீழ தொட்டி இறங்காது. 6ல இருக்குற தொட்டில பாதித் தண்ணிய மாத்தினா 3.5, இன்னொரு பாதி மாத்தினா 2.25, அடுத்தது 1.6, அப்படித் தான் 1ஐ நோக்கி நெருங்கும். நான் ஒரே வாரத்துல மூணு தடவ பாதி பாதியா மாத்திப் பாத்தேன், 1.6 வர வேண்டிய இடத்துல 2.5 வந்துச்சு, நாலே நாள்ல மறுபடி 4. அந்த வித்தியாசத்துல பெரும்பங்கு கிராவல் கொடுக்குறதுன்னு ஜாடியப் பாத்தப்பவே புரிஞ்சுடுச்சு. பிஎச்ச (தண்ணியோட அமில, காரத் தன்மையோட அளவு) 7ல நிறுத்துறேன்னு வர்ற பவுடர் போடுறவங்க இருந்தா லேபிள பாருங்க, அதுல நிறைய பாஸ்பேட் பஃபர் தான், போடப் போட ஏறும்.

மிச்சக் கணக்கு சாப்பாட்டுல இருந்துச்சு. டப்பாவுல பாஸ்பரஸ் குறைஞ்சது 1%னு போட்டிருந்துச்சு. அப்ப 1 கிராம் சாப்பாட்டுல 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட்டா மாத்தினா சுமார் 30 மில்லிகிராம், 100 லிட்டர் தண்ணில அது 0.3 பிபிஎம். சரி, ஒரு நாளைக்கு நாம எவ்வளவு போடுறோம்னு பாக்கலாம்னு சின்னத் தராசுல பத்து சிட்டிகை போட்டு நிறுத்தேன், 4 கிராம் வந்துச்சு, அப்ப ஒரு சிட்டிகை 0.4 கிராம். நான் ராத்திரி ரெண்டு சிட்டிகை தான் போடுவேன், அதனால பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.

நான் நிறுத்துட்டு இருக்குறத பாத்துட்டு பாப்பா கேட்டா, "அப்பா, நான் காலையில போடுறத சேத்துட்டியாப்பா?"

"நீ போடுறியா?"

"டெய்லி ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போடுவேனே. பாட்டியும் மத்தியானம் போடுவாங்க."

உள்ளேருந்து அம்மா, "பின்ன என்னடா, பக்கத்துல போனாலே கண்ணாடிகிட்ட வந்து வாயப் பொளக்குதுங்க, பாத்துட்டு சும்மா வர முடியுமா"ன்னாங்க.

அம்மா சொன்னதுல அன்பு தான் இருக்கு, அதுல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. மீனுக்கு வயிறு நிறைஞ்சாலும் ஆள் நிழல் தெரிஞ்சா கண்ணாடிக்கு வரும், அது பழக்கம், பசி இல்லன்னு அம்மாவுக்கு ரெண்டு மூணு நாள் பக்கத்துல உக்கார வெச்சு காட்டினேன். ஆக மொத்தம் ஒரு நாளைக்கு நாலு சிட்டிகை, 1.6 கிராம், கணக்குப்படி தினமும் 0.5 பிபிஎம் உள்ள வருது. மீன் தன் எலும்புக்கும் உடம்புக்கும் கொஞ்சம் எடுத்துக்கும், மத்தது எல்லாம் கழிவா தண்ணிக்கும் கிராவலுக்கும் தான். வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசித் தண்ணிய மாத்திட்டு நான் நிம்மதியா இருந்தேன், அந்தத் தண்ணியோட சேந்து கால்வாசி பாஸ்பேட் மட்டும் தான் வெளிய போச்சு, வர்றது அதவிட எவ்வளவோ அதிகம்.

அன்னிலேருந்து ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, வாரத்துல ஒரு நாள் பட்டினி. அந்த ஒரு சிட்டிகைய யார் போடணும்னு முறை வெச்சுக்கிட்டோம், ஏழு சின்ன டப்பால அளந்து வெச்சு கிழமை எழுதி ஒட்டிட்டேன், அன்னைக்குரிய டப்பா காலியா இருந்தா மீன் சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். பட்டினி நாள் டப்பாவ காலியாவே வெச்சிருவேன். மீன் ஒண்ணும் மெலியல, கப்பி எப்பவும் போல குட்டி போட்டுட்டு தான் இருக்கு.

கிராவல சுத்தம் பண்றது தான் இருக்குறதுலயே பொறுமை வேண்டிய வேலை. சைபன் குழாய கிராவலுக்குள்ள அடி தொடுற வரைக்கும் குத்தி, பழுப்பா தண்ணி ஏறி அப்புறம் தெளியுற வரைக்கும் வெச்சிருந்து, விரலால அழுத்தி நிறுத்தி, அடுத்த இடம். ஒரே நாள்ல மொத்தத்தையும் கிளறாதீங்க, அங்க நல்ல பாக்டீரியாவும் தான் குடியிருக்கு, தவிர அடியில அடைஞ்ச அழுக்கு ஒரே நேரத்துல கலங்கினா மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறும். நான் தொட்டிய மனசுல நாலா பிரிச்சு வாரத்துக்கு ஒரு பங்குன்னு பண்ணினேன், மரக்கட்டைக்கு அடியிலயும் பில்டர் வேகம் எட்டாத மூலையிலயும் தான் குவிஞ்சு கிடந்துச்சு. முதல் சுத்துல வாளித் தண்ணி டிகாக்‌ஷன் கலர்ல வந்துச்சு, மூணாவது சுத்துல தான் பரவால்லன்னு சொல்ற மாதிரி ஆச்சு. பில்டர் ஸ்பாஞ்ச அதே நாள்ல கழுவக்கூடாது, வேற நாள்ல தொட்டித் தண்ணியிலயே பிழிஞ்சு கழுவணும், குளோரின் இருக்குற குழாய்த் தண்ணியில கழுவினா பாக்டீரியா போயிடும். ஸ்பாஞ்ச்ல நிக்கிற சேறு வெளிய வந்துட்டதா நாம நெனைக்கிறோம், ஆனா தண்ணி அதுக்கு ஊடால தானே ஓடிட்டு இருக்கு, அது இன்னும் தொட்டிக்குள்ள இருக்குற மாதிரி தான். மாசம் ஒரு தடவையாவது தெறந்து பாருங்க.

தண்ணி மாத்துறதுக்கு பாதி குழாய்த் தண்ணி பாதி ஆர்ஓ தண்ணி கலந்து ஊத்த ஆரம்பிச்சேன், உள்ள வர்ற பாஸ்பேட் 0.5 ஆச்சு. முழுசா ஆர்ஓ ஊத்தாதீங்க, அதுல உப்புச்சத்து எதுவுமே இருக்காது, கேஎச் (பிஎச்ச நிலையா வெச்சுக்குற கார்பனேட் உப்போட அளவு) இறங்கி பிஎச் திடீர்னு சரிஞ்சிடலாம்.

இப்ப நான் அவசரப்பட்ட கதை. சாப்பாடு குறைச்சு, கிராவல் ரெண்டு சுத்து முடிஞ்சு, பாஸ்பேட் 2.5க்கு வந்து நின்னப்ப, இன்னும் வேகமா இறக்கலாம்னு ஜிஎஃப்ஓ வாங்கினேன், இரும்பு ஆக்சைடு துகள், பாஸ்பேட் அதுமேல ஒட்டிக்கும். பைய சரியா அலசாம 100 கிராமும் மொத்தமா பில்டர்ல போட்டுட்டேன், முதல் நாள் தண்ணி செங்கல் கரைச்ச மாதிரி ஆச்சு, அது ரெண்டு நாள்ல தெளிஞ்சிடுச்சு. நாலாம் நாள் டெஸ்ட்ல கிட்டத்தட்ட ஜீரோ. அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு வாரத்துல கண்ணாடில பச்சைப் புள்ளி புள்ளியா வர ஆரம்பிச்சுச்சு. பஞ்ச வெச்சு தேச்சா போகாது, பிளேடு வெச்சு தான் சுரண்டணும், அனுபியாஸ் பழைய இலை மேல அம்மைத் தழும்பு மாதிரி. வாலிஸ்னேரியா புது இலை விடுறது நின்னு போச்சு. தேடிப் படிச்சப்ப தான் தெரிஞ்சுது, இந்தப் பச்சைப் புள்ளிப் பாசி பாஸ்பேட் அதிகமானா வர்றது இல்ல, செடித் தொட்டில பாஸ்பேட் ரொம்ப குறைஞ்சா வர்றதுன்னு செடி வளர்க்குறவங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. செடிக்கும் பாஸ்பரஸ் வேணும்ல, அத மொத்தமா பிடுங்கிட்டா செடி நின்னுடும், செடி நின்னுட்டா மத்த சத்தெல்லாம் பாசிக்குத் தான். ஜிஎஃப்ஓவ எடுத்தேன், வெறும் சாப்பாட்டுலேருந்தே பாஸ்பேட் 0.5க்கு ஏறுச்சு, வாலிஸ்னேரியா மறுபடி புது இலை விட ஆரம்பிச்சுச்சு. இப்பவும் நான் ஜிஎஃப்ஓ வேண்டாம்னு சொல்லல, போடுறதா இருந்தா நல்லா அலசிட்டு 20, 25 கிராம்ல ஆரம்பிச்சு வாரம் ரெண்டு தடவ அளந்துக்கிட்டே போங்க, வரவ அடைக்காம அத மட்டும் நம்பினா அது நிறைஞ்சதும் நின்ன இடத்துலயே நிப்போம்.

எவ்வளவு இருந்தா சரின்னு கேட்டா, செடி இருக்குற நல்ல தண்ணித் தொட்டில 0.5லேருந்து 2 பிபிஎம் வரைக்கும் நிறைய பேர் நிம்மதியா ஓட்டுறாங்க. நைட்ரேட்டையும் சேத்துப் பாக்கணும். கடல் நுண்ணுயிர்கள்ல நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்துல இருக்குன்னு ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டுங்கிற விஞ்ஞானி 1934லயே எழுதினார், பின்னாடி அது 16க்கு 1ன்னு நிலைச்சுது, அது அணுக்களோட கணக்கு, நம்ம டெஸ்ட் கிட் நம்பர்ல சொன்னா நைட்ரேட் 10க்கு பாஸ்பேட் 1 மாதிரி வரும். இது சட்டம் இல்ல, ஒரு திசை காட்டும் அவ்வளவு தான். என் தொட்டில நைட்ரேட் 10, பாஸ்பேட் 6ன்னு இருந்துச்சு, அப்பவே எதோ ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சிருக்கலாம். கடல் தண்ணித் தொட்டில பவளம் வளர்க்குறவங்களுக்கு அளவு இன்னும் ரொம்பக் கம்மி, பலர் 0.03லேருந்து 0.1க்குள்ள வெச்சுக்கப் பாக்குறாங்க, அங்கயும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமா ஜீரோ ஆனா டைனோஃபிளாஜெல்லேட்னு பழுப்பா கோழை மாதிரி ஒண்ணு வந்து படுத்தும்.

லைட்டு விஷயத்த ரெண்டே வரியில சொல்லிடுறேன், ஏன்னா அதுல குழப்பமே இல்ல. நான் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் 11 மணி நேரம் போட்டுட்டு இருந்தேன், டைமர் வெச்சு ஆறரை மணி நேரமாக்கினேன், ஜன்னல் வெயில் விழுற பக்கக் கண்ணாடிக்கு வெளிய கறுப்பு அட்டை ஒட்டினேன், ரெண்டே வாரத்துல நூல் பாசி வளர்ற வேகம் பாதியாச்சு.

ஆனா உண்மையா கைகொடுத்தது மிதக்குற செடி தான். சால்வினியா ஒரு கைப்பிடி விட்டேன், மூணு வாரத்துல தொட்டி மேல பாதிய மூடிடுச்சு. மேல மிதக்குறதால காத்துலேருந்து கார்பன் டை ஆக்சைடு தாராளமா கிடைக்கும், லைட்டுக்கும் பக்கத்துல இருக்கும், அனுபியாஸ் மாதிரி மெதுவா வளர்றதெல்லாம் இதுகூட போட்டி போட முடியாது. வாரம் ரெண்டு கைப்பிடி அள்ளி வெளிய போடுறேன், பூச்செடித் தொட்டிக்கு உரமாப் போகுது. அள்ளாம விட்டா பிரயோஜனமே இல்ல, அடியில இருக்குறது அழுகி திரும்ப உள்ளயே விடும். பின்பக்கம் மணி பிளான்ட் கொடி ஒண்ண வேர் மட்டும் தண்ணில இருக்குற மாதிரி தொங்க விட்டேன், இலை தண்ணிக்கு வெளிய இருக்கணும், அதுவும் வேர் வெள்ளையா முழ நீளத்துக்கு விட்டிருக்கு, கப்பிக் குட்டிங்க அதுக்குள்ள தான் ஒளியுது.

பாசி தின்னுற உயிரினம் வாங்கி விட்டா போதுமேன்னு கேப்பாங்க. அமானோ இறால் நூல் பாசிய நல்லா மேயும், நெரைட் நத்தை கண்ணாடிய சுத்தமா வெச்சுக்கும், ரெண்டும் என்கிட்ட இருக்கு, ரெண்டும் பாக்க அழகு. ஆனா தின்னது எல்லாம் கழிவா அதே தண்ணிக்குத் தான் வருது, பாஸ்பேட் கணக்குல ஒரு புள்ளி கூட குறையாது. அதனால கடைசிக் கட்டத்துல துடைச்சு எடுக்க அதுங்கள வெச்சுக்கலாம், நோய்க்கு மருந்தா நெனச்சு வாங்காதீங்க, தொட்டி மோசமா இருக்கும்போது விட்டா அதுங்க தான் முதல்ல சாகும்.

கறுப்புக் கொத்துப் பாசி மட்டும் எதுக்கும் அசையல. அது உண்மையில சிவப்புப் பாசி வகை, செத்தா தான் நிறம் வெளிய தெரியும். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல எடுத்து, பில்டர அணைச்சு தண்ணி அசையாம நின்னதும் கொத்துக்குப் பக்கத்துல மெதுவா விட்டேன். குட்டிக் குட்டியா குமிழி வரும், பத்து நிமிஷம் விட்டுட்டு பில்டர போட்டுடுவேன். 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிக்கு மேல நான் போகல, ஒரு தடவைக்கு ரெண்டு மூணு கொத்து தான், முன்ன பட்ட அடி ஞாபகம் இருந்ததால எல்லாத்தையும் ஒரே நாள்ல கொல்லப் போகல. மறுநாள் கறுப்பு மங்கி ரோஸ் நிறமாச்சு, மூணாம் நாள் இறாலுங்க அதுமேல உக்காந்து பிய்ச்சு தின்னுச்சு, உயிரோட இருந்தப்ப திரும்பிக் கூட பாக்காதுங்க. ஜாவா மாஸ் மாதிரி மாஸ் (moss) வகைச் செடி இருந்தா அது பக்கம் விடாதீங்க, கருகிடும்.

இதுக்கு நடுவுல கிராவல் ஓரமா நீலப்பச்சைப் படலம் ஒண்ணும் வந்துச்சு, விரல் வெச்சு தள்ளினா துணி மாதிரி மடிஞ்சு வரும், சகிக்காத நாத்தம். அது பாசியே இல்ல, சயனோபாக்டீரியா, பாக்டீரியா வகை. சைபன்ல முடிஞ்ச வரைக்கும் உறிஞ்சிட்டு, மூணு நாள் லைட்ட அணைச்சு தொட்டிய போர்வையால மூடி, ஏர் பம்ப்ப ஓட விட்டேன், நாலாம் நாள் பெரிய வாட்டர் சேஞ்ச். செத்தத வெளிய எடுக்காம இருட்டுல மட்டும் வெச்சுட்டு விட்டா திரும்ப வரும், அந்த வாட்டர் சேஞ்ச் தான் முக்கியம்.

நோட்டுல பாத்தா டெஸ்ட் கிட் வாங்கின நாள்லேருந்து இறங்கின வரிசை இப்படி இருக்கு: 6, அப்புறம் வாட்டர் சேஞ்ச்சால 2.5, மறுபடி 4, சாப்பாடு குறைச்சு கிராவல் ரெண்டு சுத்து முடிச்சப்ப 2.5, நான் அவசரப்பட்ட ஜீரோ, 0.5, இப்ப ரெண்டு மாசமா 0.8லேருந்து 1க்குள்ள ஆடுது. நூல் பாசி ஆறாவது வாரத்துலேருந்து தானா குறைஞ்சுது, கடைசியா பிரஷ் போட்டு எடுத்தது எப்பன்னு நோட்டப் பாத்தா தான் தெரியும். கறுப்புக் கொத்து மரக்கட்டைக்குப் பின்னாடி ஒரு இடத்துல இன்னும் இருக்கு, அங்க சிரிஞ்ச் எட்டல, வளரவும் இல்ல, அப்படியே விட்டிருக்கேன். அனுபியாஸ்ல புள்ளி விழுந்த பழைய இலைய ஒவ்வொண்ணா வெட்டிட்டு வர்றேன், புது இலை நாலு சுத்தமா வந்திருக்கு.

நேத்து ஞாயித்துக்கிழமை, பட்டினி நாள். அம்மா தொட்டி முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க, மீனெல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுது. "நாளைக்குத் தாண்டா உங்களுக்கு"ன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டு இருந்தாங்க, பக்கத்துல திங்கள்னு எழுதின டப்பா மூடியே இருந்துச்சு.